லினக்ஸில் லிப்ரேஆபீஸ்: இன்ஸ்டால் முதல் ஜெராக்ஸ் கடை வரை

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வீட்டிலேயே மனு டைப் அடித்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நீட்டுகிறீர்கள் என்று வையுங்கள். வீட்டில் ஒரே பக்கமாக இருந்த மனு அங்கே ஒன்றேகால் பக்கமாக நிற்கிறது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது. 'லினக்ஸ்னா இப்படித்தாங்க' என்பார் கடைக்காரர். லினக்ஸ் மேல் தப்பில்லை. தாள் அளவும் எழுத்துருவும் முதல் நாளே சரி செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

லிப்ரேஆபீஸ் என்பது கடிதம், கணக்கு, ஸ்லைடு எல்லாம் செய்ய உதவும் இலவச ஆபீஸ் மென்பொருள். அதை ஏற்றுவது கால் மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சின்னச் சின்ன அமைப்புகளில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே இன்ஸ்டாலுக்குக் குறைவாகவும் மற்றதற்கு அதிகமாகவும் இடம் கொடுத்திருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐ வைத்து எழுதியது. இன்னொரு வகையான உபுண்டுவில் பொத்தான்களின் பெயர் கொஞ்சம் மாறும், வழி மாறாது.

1. கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளுக்குக் காசு இல்லை. சீரியல் நம்பர், ஆக்டிவேஷன், வருடச் சந்தா எதுவும் கிடையாது. 'ஆபீஸ் போட்டுத் தர இவ்வளவு' என்று யாராவது கேட்டால் அது அவர் நேரத்துக்கான கூலி மட்டுமே. அதிகாரப்பூர்வ தளத்தில் டவுன்லோடு தொடங்கும்போது நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், டவுன்லோடு நிற்காது. கட்டாயமாகப் பணம் கேட்கும் தளம் என்றால் அது வேறு யாருடையதோ, மூடிவிடுங்கள்.

தேவையானவை நான்கு. கணினியின் நிர்வாகி கடவுச்சொல். டிஸ்கில் குறைந்தது 2 ஜிபி காலி இடம் (மென்பொருள் அதிகபட்சம் 1.55 ஜிபி எடுக்கும்). சுமார் 300 எம்பி டேட்டா. 64 பிட் கணினி. கடைசி விஷயத்தை மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து பார்க்கலாம். பழைய 32 பிட் குட்டி நெட்புக்குக்கு லிப்ரேஆபீஸின் அதிகாரப்பூர்வ லினக்ஸ் தொகுப்பு இப்போது வருவதில்லை.

நேரக் கணக்கு: போன் ஹாட்ஸ்பாட்டில் நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தால் 300 எம்பிக்கு 20 நிமிடம். 10 மெகாபிட் என்றால் 4 நிமிடம். அதற்கு மேல் நிறுவ 5 முதல் 10 நிமிடம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் பேட்டரி செத்த லேப்டாப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பது 3-ஆம் படியில் இருக்கிறது.

பள்ளி, கல்லூரியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் பீரோவில் கிடக்கிறதா? 2 ஜிபி ரேம் இருந்தாலே போதும், லிப்ரேஆபீஸில் கடிதத்துக்கான ரைட்டரும் கணக்குக்கான கால்க்கும் ஓடும். ஆனால் அன்று அதோடு வந்த லினக்ஸ் காலாவதியாகிவிட்டது. அதன் மேல் புது ஆபீஸைத் திணித்தால் அடிப்படைக் கோப்புகள் பொருந்தாமல் அடம்பிடிக்கும். முதலில் மின்ட்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇயைப் புதிதாக ஏற்றுங்கள். ஆபீஸ் திறந்திருக்கும்போது பிரவுசரில் பத்து டேப் வைக்காதீர்கள்.

2. இன்ஸ்டாலுக்கு முன் மூன்று சோதனைகள்

முதலில் கடிகாரம். மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்த கணினி, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது. 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தியோடு டவுன்லோடு நின்றுவிடும். நெட்டைக் குறை சொல்லி மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை. 'டேட் அண்ட் டைம்' திறந்து 'நெட்வொர்க் டைம்' ஆன் செய்யுங்கள். நெட் கிடைத்ததும் தேதி தானே சரியாகும். டெஸ்க்டாப் என்றால் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. லேப்டாப்பில் சில மாடலுக்கு வயர் வைத்த பேட்டரி வரும், அதைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டி வாங்குவதே மேல்.

அடுத்து, ஆபீஸ் ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள். மின்ட்டில் லிப்ரேஆபீஸ் கூடவே வரும். உபுண்டுவில் 23.10 முதல் நிறுவும்போது வழக்கமான தேர்வை மாற்றாமல் அப்படியே விட்டால் வராது, விரிவான தேர்வை எடுத்திருந்தால்தான் வரும். மெனுவில் 'ஆபீஸ்' பிரிவைப் பாருங்கள். ரைட்டர் இருந்தால், கீழே உள்ள மூன்றாவது சோதனையை மட்டும் முடித்துவிட்டு நேரே 5-ஆம் படிக்குப் போங்கள். இருப்பதன் மேலேயே இன்னொன்றை ஏற்றினால் மெனுவில் இரண்டு ரைட்டர் நிற்கும். ஒன்றில் செய்த அமைப்பு இன்னொன்றில் இல்லாமல் போகலாம்.

மூன்றாவது சோதனையைப் பலர் தவறவிடுகிறார்கள். நீங்கள் இருப்பது டிஸ்கில் நிறுவிய லினக்ஸா, பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸா? டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்ற ஐகான் இன்னும் இருந்தால் அது லைவ். அதில் எதை ஏற்றினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் போய்விடும், டைப் அடித்த கோப்பு உட்பட.

3. நெட் இருந்தால்: சாஃப்ட்வேர் மேனேஜர்

முதலில் 'அப்டேட் மேனேஜர்' திறந்து 'ரிஃப்ரெஷ்' அழுத்துங்கள். இதை விட்டால் பழைய பட்டியலைப் பார்த்து இல்லாத கோப்பைத் தேடி '404' என்று திரும்பி வரும்.

பிறகு 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து லிப்ரேஆபீஸ் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'சிஸ்டம் பேக்கேஜ்', 'ஃபிளாட்பேக்' என்று இரண்டு தேர்வு இருக்கலாம். புதியவர்கள் 'சிஸ்டம் பேக்கேஜ்' எடுங்கள். ஃபிளாட்பேக்கில் பதிப்பு புதிதாக இருக்கும்தான். ஆனால் முதல் முறை அதற்கான அடித்தளக் கோப்புகளும் சேர்ந்து இறங்குவதால் டேட்டா பல மடங்கு போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் போட்டவருக்கு அது கட்டாது.

'இன்ஸ்டால்' அழுத்திக் கடவுச்சொல் கொடுங்கள். பிறகு காத்திருங்கள். இங்கே வரக்கூடிய சிக்கல்கள் இரண்டு.

'வேறொரு நிரல் பூட்டு வைத்திருக்கிறது' என்று வந்தால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது என்று பொருள். பத்து நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இணையத்தில் யாரோ சொன்னார் என்று பூட்டுக் கோப்பை அழிக்கப் போகாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட் பாதியில் கெட்டு இன்னொரு சிக்கல் வரும்.

கரண்ட் போய்ப் பாதியில் நின்றிருந்தால், அடுத்த முறை 'டிபிகேஜி தடைப்பட்டது, இந்தக் கட்டளையை ஓட்டு' என்று ஆங்கிலத்தில் செய்தி வரும். சரிசெய்யும் கட்டளை அந்தச் செய்திக்குள்ளேயே மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருக்கும். டெர்மினலை (கட்டளை அடிக்கும் விண்டோ) திறந்து, மேற்கோள் குறிகளை விட்டுவிட்டு அதை அப்படியே அடித்து என்டர் தட்டுங்கள். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாமல் போகலாம். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடித்து முடித்து என்டர் தட்டினால் போதும்.

4. நெட் கிடைக்காத ஊருக்கு: பென்டிரைவ் வழி

ஜவ்வாது மலைப் பக்கம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி சிக்னல் நம்ப முடியாத இடத்தில் உள்ள கணினிக்கு, வேலூரிலேயே டவுன்லோடு செய்து எடுத்துப் போவதுதான் வழி. லிப்ரேஆபீஸ் தளத்தில் 'லினக்ஸ் 64 பிட், டெப்' என்று இருப்பதை எடுங்கள். பக்கத்திலேயே 'ஆர்பிஎம்' இருக்கும், அது ஃபெடோரா வகைக்கு. இரண்டு பதிப்பு எண்கள் தெரிந்தால் சிறிய எண்ணை எடுங்கள்; பிழைகள் அதிகம் களையப்பட்டது அதுதான். மெனுவும் தமிழில் வேண்டுமென்றால் தமிழ் மொழித் தொகுப்பு தனிக் கோப்பு, அதையும் சேர்த்து இறக்குங்கள். அங்கே போன பிறகு ஞாபகம் வந்தால் திரும்பி வர ஒரு பஸ் பயணம்.

பென்டிரைவிலிருந்து கோப்பை முதலில் கணினியில் காப்பி செய்யுங்கள். வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்'. உள்ளே 'டெப்ஸ்' என்ற ஃபோல்டரில் நாற்பது சொச்சம் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்தால் 'அது இல்லாமல் இது வராது' என்று ஒன்றையொன்று கைகாட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். அந்த ஃபோல்டருக்குள் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து 'ஓப்பன் இன் டெர்மினல்' கொடுங்கள். பிறகு எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள்: எஸ் யு டி ஓ, ஒரு இடைவெளி, டி பி கே ஜி, ஒரு இடைவெளி, கழித்தல் குறியும் ஒட்டி ஐ எழுத்தும், ஒரு இடைவெளி, நட்சத்திரக் குறி, புள்ளி, டி இ பி. கழித்தல் குறிக்கும் ஐ எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் வேலை செய்யாது. மொழித் தொகுப்பையும் இதேபோலப் பிரித்து, அதன் 'டெப்ஸ்' ஃபோல்டரிலும் இதே கட்டளை.

இந்த வழியில் ஏற்றினால் அப்டேட் மேனேஜர் இதைக் கவனிக்காது. புதுப் பதிப்பு வேண்டுமென்றால் நீங்களேதான் மறுபடி இறக்க வேண்டும்.

5. திறப்பது, திறக்காவிட்டால்

மெனு, 'ஆபீஸ்', 'லிப்ரேஆபீஸ் ரைட்டர்'. கடிதம், மனு, பயோடேட்டாவுக்கு ரைட்டர். கணக்குக்கு கால்க். ஸ்லைடுக்கு இம்ப்ரெஸ். ஐகானில் வலது கிளிக் செய்து பேனலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்டு டிஸ்கில் முதல் முறை திறக்க அரை நிமிடம்கூட ஆகலாம். வரவில்லையே என்று நாலு முறை கிளிக் செய்தால் நாலு விண்டோ வந்து நிற்கும்.

லோகோ வந்து மறைந்து, திறக்காமலே போனால் பெரும்பாலும் பயனர் அமைப்புக் கோப்பு கெட்டிருக்கும். மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினாலும் இது சரியாகாது, ஏனென்றால் அந்தக் கோப்பு உங்கள் ஹோம் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல், எச் அழுத்துங்கள். மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். புள்ளி வைத்துத் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் 'லிப்ரேஆபீஸ்' என்று இருப்பதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி திறங்கள். உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது, அமைப்புகள் மட்டும் புதிதாகத் தொடங்கும்.

'இந்தக் கோப்பு வேறொருவரால் பூட்டப்பட்டுள்ளது' என்று உங்கள் பெயரையே காட்டினால் பயப்பட வேண்டாம். போன முறை கரண்ட் போனபோது மிச்சமான பூட்டுக் கோப்பு அது. அதே ஃபோல்டரில் கன்ட்ரோல், எச் அழுத்தினால் 'லாக்' என்ற சொல்லோடு ஒரு சின்னக் கோப்பு தெரியும். வேறு யாரும் அந்த ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழியுங்கள்.

6. எதையும் டைப் அடிக்கும் முன் மாற்ற வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஜெராக்ஸ் கடையில் மாட்டுகிறார்கள்.

'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ்', 'ஜெனரல்' திறங்கள். பழைய பதிப்பில் இது 'லாங்குவேஜ் செட்டிங்ஸ்' என்று இருக்கும். 'லொகேல் செட்டிங்' என்பதில் 'இங்கிலீஷ் யுஎஸ்ஏ' இருந்தால் 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் மூன்று விஷயம் சரியாகும். கால்க்கில் பணம் ரூபாய்க் குறியோடு வரும். கமா 100,000 என்று விழாமல் 1,00,000 என்று லட்சக் கணக்கில் விழும். தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் புரிந்துகொள்ளும்.

தேதி சின்ன விஷயமில்லை. அமெரிக்க அமைப்பில் 05/06/2025 என்று அடித்தால் கால்க் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2025 என்றால் 13-ஆம் மாதம் இல்லை என்பதால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒட்டி வைக்கும். கே.வி.குப்பத்தில் ஒரு மகளிர் குழுவின் தவணைக் கணக்கை இப்படி எழுதினால், பாதித் தேதி தப்பாகவும் பாதி செத்தும் கிடக்கும். வரிசைப்படுத்தும்போதுதான் தெரியவரும். ஒரு அடையாளம்: சரியான தேதி கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும்.

அதே பக்கத்தில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து தாள். 'ஃபார்மட்', 'பேஜ் ஸ்டைல்' போய் 'ஏ4' இருக்கிறதா பாருங்கள். 'லெட்டர்' என்று இருந்தால் அது ஏ4-ஐ விட அகலம் கூடுதல், உயரம் குறைவு. நம்மூர்க் கடையில் லெட்டர் தாள் ஏது? மாற்றிய வெற்றுப் பக்கத்தை 'ஃபைல்', 'டெம்ப்ளேட்ஸ்', 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' கொடுத்து, 'செட் ஆஸ் டிஃபால்ட்' டிக் செய்துவிட்டால் இனி எல்லாப் புதுக் கோப்பும் ஏ4-இல் வரும்.

கடைசியாக 'ஆப்ஷன்ஸ்', 'லோடு/சேவ்', 'ஜெனரல்'. 'ஆட்டோ ரெக்கவரி' 10 நிமிடம் என்று இருக்கும், 3 ஆக்குங்கள். 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' டிக் செய்யுங்கள்.

7. தமிழ் விசைப்பலகை

மின்ட்டில் 'லாங்குவேஜஸ்' திறந்து, தமிழ் இந்தியாவைச் சேர்த்து, 'இன்ஸ்டால் லாங்குவேஜ் பேக்ஸ்' அழுத்தினால் எழுத்துருவும் மொழித் தொகுப்பும் வந்துவிடும். பிறகு 'இன்புட் மெத்தட்' போய் பல மொழிகளில் டைப் அடிக்க உதவும் 'ஐபஸ்' நிறுவி, 'சினாப்டிக்' (தொகுப்புகளைத் தேடி நிறுவும் செயலி) வழியாக 'ஐபஸ் எம்17என்' என்பதையும் சேர்த்துக்கொண்டு, ஒரு முறை லாக் அவுட் செய்து வாருங்கள். லாக் அவுட் செய்யாமல் 'வரலையே' என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். விண்டோஸ் கீ, ஸ்பேஸ் பாருடன் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

ஐபஸ் பட்டியலில் தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர் எல்லாம் இருக்கும். தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் முடித்தவர்கள் டைப்ரைட்டரை எடுக்கலாம், விரல் பழக்கம் வீணாகாது. புதிதாகக் கற்பவர்கள் தமிழ்99. 'கீபோர்டு லேஅவுட்' பட்டியலில் டேப், டிஎஸ்சிஐஐ என்ற பெயரோடு உள்ள தமிழ்த் தேர்வுகளைத் தொடாதீர்கள். அவை பழைய குறியீட்டு முறை, இன்றைய கோப்பில் குப்பையாகத்தான் விழும்.

பிரவுசரில் தமிழ் வருகிறது, ரைட்டரில் மட்டும் தடுமாறுகிறது, மெனுவும் இருபது வருடப் பழசு போலத் தெரிகிறது என்றால் 'சினாப்டிக்'கில் 'லிப்ரேஆபீஸ் ஜிடிகே3' என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரைட்டரை மட்டும் தனியாக ஏற்றும்போது அது விடுபட்டுப்போவதுண்டு.

8. எழுத்துரு

லிப்ரேஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. அளவும் தனித்தனி. அதனால்தான் ஒரே வரியில் ஆங்கிலம் 12-ஆகவும் தமிழ் வேறு அளவாகவும் நிற்கும். பல கணினிகளில் தமிழுக்கான இடத்தில் தேவநாகரி எழுத்துரு உட்கார்ந்திருக்கும்! 'ஆப்ஷன்ஸ்', 'லிப்ரேஆபீஸ் ரைட்டர்', 'பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்' போய் எல்லாக் கட்டத்திலும் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' அல்லது 'லோஹித் தமிழ்' போடுங்கள். இந்தப் பக்கம் தெரியவில்லை என்றால் 6-ஆம் படியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக்கை விட்டுவிட்டீர்கள்.

அரசு அலுவலகத்துக்குப் போகும் கோப்பு என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் யூனிகோட் (இன்றைய பொதுக் குறியீட்டு முறை) எழுத்துருக்களில் மருதம் நல்ல தேர்வு. கோப்பை டபுள் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்துவிட்டு ரைட்டரை மூடித் திறக்க வேண்டும்.

விண்டோஸில் இருந்து வரும் பயோடேட்டாக்கள் பெரும்பாலும் 'கலிப்ரி'யில் இருக்கும். அதே அகலம் கொண்ட இலவச எழுத்துரு 'கார்லிட்டோ', சினாப்டிக்கில் கிடைக்கும். அதை ஏற்றினால் வரி உடைவது பெரும்பாலும் நிற்கும்.

பழைய டிடிபி கோப்புகள் தனிச் சங்கதி. பாமினியிலோ வானவில் ஔவையாரிலோ அடித்த கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம் எல்லாம் ரைட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துரு இருந்தால் படிக்கலாம், திருத்த வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைச் சரியாகச் சொன்னால்தான் சரியாக மாறும். மாற்றிய பிறகு 'ஸ்ரீ', 'ஔ' வரும் இடங்களைக் கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

9. கடைக்கும் போர்ட்டலுக்கும் கொடுப்பது

பிரிண்ட் எடுக்க மட்டும் என்றால் பிடிஎஃப் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், எந்தக் கணினியிலும் கலையாது. 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட் ஆஸ்', 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்'. போட்டோ வைத்த விண்ணப்பத்துக்கு போர்ட்டலில் அளவு வரம்பு இருந்தால், அதே பெட்டியில் ஜேபெக் தரத்தை 70-க்கும், படத் துல்லியத்தை 150 டிபிஐக்கும் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

இன்னொருவர் திருத்த வேண்டிய கோப்பு என்றால் 'சேவ் ஆஸ்' போய் வேர்டு டாக்எக்ஸ் வடிவில் சேமியுங்கள். அப்போது 'ஓடிஎஃப் (லிப்ரேஆபீஸின் சொந்த வடிவம்) நல்லது' என்பதுபோல ஒரு கேள்வி வரும். வேர்டு வடிவத்தையே வைத்துக்கொள்ளும் பொத்தானை அழுத்துங்கள். உங்களிடம் ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடியில் ஒரு மூலப் பிரதி எப்போதும் இருக்கட்டும். ஒரே கோப்பை டாக்எக்ஸில் பத்து முறை இங்கும் அங்கும் திறந்து சேமித்தால் அட்டவணைக் கோடுகள் மெல்ல மெல்ல நகரும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கம்பெனிகளுக்கு அனுப்பும் பயோடேட்டா என்றால், கேட்டால் ஒழிய டாக்எக்ஸ் அனுப்பாமல் பிடிஎஃப்பே அனுப்புங்கள்.

10. சொந்தப் பிரிண்டர் இருந்தால்

புதிதாக வாங்குவதற்கு முன்பே பாருங்கள், வாங்கிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. கடைகளில் எங்கும் கிடக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் லேசில் மசியாது. அதன் டிரைவர் தனி ரகம், புதியவர்கள் கைவைக்காமல் இருப்பதே நல்லது. எச்பி லேசர்ஜெட் 1020 ஓடும், ஆனால் 'எச்பிலிப்' என்ற எச்பி டிரைவர் தொகுப்போடு கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்கியாக வேண்டும், அதற்கு நெட் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் லைவ் பென்டிரைவோடு போய், கடையிலேயே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.